கிட்டார் பயிற்சிக்கான பாடல் தேர்வு

கிட்டார் பயிற்சிக்கான பாடல் தேர்வு என்பது, கிட்டார் கற்கும் ஒருவர் தம் கைத்திறன், காதுப் பழக்கம், குரலின் சுருதி ஆகியவற்றுக்கு ஏற்றபடி பயிற்சிப் பாடல்களைத் தெரிந்தெடுத்து வரிசைப்படுத்தும் முறையாகும். ஆசிரியரிடம் கற்பவருக்கு இந்த வரிசையை ஆசிரியரே அமைத்துத் தருவார். தென்காசி நகரை ஒட்டியுள்ள குத்துக்கல்வலசை போன்ற ஊர்களில் கைப்பேசிக் காணொளிகளைப் பார்த்துத் தாமாகவே கற்பவருக்கு அவர் தேர்ந்தெடுக்கும் பாடல்களே பாடத்திட்டம் ஆகிவிடுகின்றன. முதல் சில மாதங்களில் கிட்டார் மூலைக்குப் போவதற்கு விரல் வலி ஒரு காரணம் என்றால், கைக்கு எட்டாத பாடலில் தொடங்குவது மற்றொரு காரணம்.

இதற்கான அடிப்படை விதி எளியது. ஒரு பயிற்சிப் பாடலில் கற்பவருக்குப் புதியதாக ஒன்று மட்டுமே இருக்க வேண்டும். புதிய கார்டு, புதிய தாள நடை, புதிய விரல் முறை, கூடுதல் வேகம் ஆகிய நான்கும் ஒரே பாடலில் சேர்ந்து வந்தால் எது தடுக்கிறது என்பதே கற்பவருக்குத் தெரியாமல் போய்விடும்.

பின்னணி

தமிழ்நாட்டில் கிட்டார் பெரும்பாலும் திரைப்பட இசை, தேவாலயப் பாடற்குழு, மெல்லிசைக் குழு ஆகிய மூன்று வழிகளில் மக்களிடம் பரவியது. இசையமைப்பாளர் இளையராஜா (பிறப்பு 1943, பண்ணைப்புரம்) சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்று, லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றவர். 1976-இல் 'அன்னக்கிளி' படத்தின் மூலம் இசையமைப்பாளராக அறிமுகமாவதற்கு முன்பு ஜி. கே. வெங்கடேஷிடம் கிட்டார் கலைஞராகவும் உதவியாளராகவும் பணியாற்றினார். 1980-களில் அவரது பாடல்களில் கிட்டார் முன்வரிசைக்கு வந்தது. இன்றும் தமிழ்நாட்டில் கிட்டார் வாங்கும் பலர் மனத்தில் வைத்திருப்பது அக்காலத்துப் பாடல் ஒன்றையே.

கருநாடக இசையைக் கிட்டாரில் வாசிக்கும் மரபும் உண்டு. சுகுமார் பிரசாத், ஆர். பிரசன்னா ஆகியோர் மின்கிட்டாரில் கருநாடக இசைக் கச்சேரி செய்து அறியப்பட்டவர்கள்.

டிரினிட்டி போன்ற தேர்வு அமைப்புகள் தொடக்கநிலை முதல் எட்டாம் நிலை வரை பாடல்களைப் படிப்படியாகப் பிரித்து வைத்துள்ளன. ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பட்டியல் உண்டு. தேர்வு எழுதுபவர் அதிலிருந்து மூன்று உருப்படிகளைத் தெரிந்தெடுத்து வாசிக்க வேண்டும். தேர்வு எழுதாதவரும் இதிலிருந்து ஒன்றைக் கற்கலாம்: ஒரு நேரத்தில் மூன்று பாடல்கள் போதும், அவை கடினத்தில் தம் நிலைக்கு ஒத்தவையாக இருக்க வேண்டும்.

தெரிந்த பாடலின் நன்மை

இணையத்தில் கிடைக்கும் 'முதல் பத்துப் பாடல்கள்' வகைப் பட்டியல்கள் பெரும்பாலும் ஆங்கிலப் பாடல்களைக் கொண்டவை. பாப் டிலனின் 'நாக்கிங் ஆன் ஹெவன்ஸ் டோர்' (1973) அவற்றில் அடிக்கடி இடம்பெறும். நான்கு எளிய கார்டுகளில் அடங்குவதால் அது நல்ல பாடம்தான். ஆனால் அந்த மெட்டைச் சிறு வயது முதல் கேட்டிராத ஒருவருக்கு அதன் எளிமையில் பாதி கிடைப்பதில்லை. எந்த இடத்தில் கார்டு மாற வேண்டும் என்பதை மேற்கத்திய மாணவருக்கு அவர் காதே சொல்லும். தென்காசி மாணவர் அதைத் தாளில் பார்த்து எண்ணிக்கொண்டிருப்பார்.

நன்கு தெரிந்த பாடலில் கை தவறினால் காது உடனே கண்டுபிடித்துவிடும். அருகில் ஆசிரியர் இல்லாதவருக்கு இதுவே ஆசிரியர். ஆகவே பாடலின் மொழியோ புகழோ முதன்மையல்ல. பதிவைக் கேட்காமலேயே முழுதும் முணுமுணுக்க முடிகிறதா என்பதே முதல் சோதனை. முணுமுணுக்க வராத பாடலைச் சில நாட்கள் கேட்டுப் பழகிய பிறகே கிட்டாரில் எடுக்க வேண்டும்.

பாடலை மதிப்பிடும் முறை

ஒரு பாடல் தற்போதைய நிலைக்குப் பொருந்துமா என்பதைக் கீழ்க்காணும் கேள்விகளால் அறியலாம்.

1. எத்தனை கார்டுகள் வருகின்றன? அவற்றில் ஏற்கெனவே விரலுக்குப் பழகியவை எத்தனை? புதியது ஒன்றுக்கு மேல் இருந்தால் பாடலைப் பிறகு எடுக்கலாம்.
2. கார்டு எத்தனை தட்டுக்கு ஒருமுறை மாறுகிறது? எட்டுத் தட்டுக்கு ஒருமுறை மாறுவது எளிது. இரண்டு தட்டுக்கு ஒருமுறை மாறுவது தொடக்கநிலையினருக்குக் கடினம்.
3. நடை மூன்றா, நான்கா, ஆறா? கையால் தட்டிப் பாடிப் பார்த்தால் தெரிந்துவிடும்.
4. வேகத்தைப் பாதியாகக் குறைத்தாலும் பாடல் பாடலாக ஒலிக்கிறதா? மெதுவான காதல் பாடல்கள், தாலாட்டுகள் தாங்கும். குத்துப் பாடல்கள் தாங்குவதில்லை.
5. எந்தப் பகுதி திரும்பத் திரும்ப வருகிறது? திரும்பி வரும் பகுதி மிகுதியாக இருந்தால் கற்க வேண்டியது குறைவு.

இவற்றில் இரண்டாவது கேள்வியை எண்ணாகவே அளந்துவிடலாம். கைப்பேசியில் ஒரு நிமிடம் வைத்துக்கொண்டு, ஜி கார்டிலிருந்து சி கார்டுக்கும் மீண்டும் ஜி-க்கும் எத்தனை முறை தெளிவான ஒலியுடன் மாற முடிகிறது என எண்ண வேண்டும். பிறகு பாடலைக் கணக்கிட வேண்டும். நிமிடத்துக்கு 80 தட்டு வேகத்தில், நான்கு தட்டுக்கு ஒருமுறை கார்டு மாறினால் நிமிடத்துக்கு 20 மாற்றங்கள் தேவை. இரண்டு தட்டுக்கு ஒருமுறை என்றால் 40. கை 25 மாற்றம் செய்யும் நிலையில் முதல் வகைப் பாடல் பயிற்சிக்கு உரியது. இரண்டாம் வகைப் பாடல் இப்போதைக்கு ஏமாற்றத்தையே தரும். இந்தக் கணக்கு 'எனக்கு இசை வராது' என்ற முடிவுக்கு ஒருவர் போகாமல் காக்கும். வராதது இசையல்ல, அந்த வாரத்தின் 15 மாற்றங்கள் மட்டுமே.

முதல் நிலை: ஒற்றைச் சுர மெட்டுகள்

கார்டுகளுக்கு முன்பு ஒவ்வொரு சுரமாக வாசிக்கும் மெட்டு ஒன்றைக் கற்பது விரல்களுக்கும் காதுக்கும் நல்லது. தமிழ்நாட்டு மாணவருக்கு இதற்கு மிகப் பொருத்தமானது தமிழ்த்தாய் வாழ்த்து. மனோன்மணீயம் பெ. சுந்தரம் பிள்ளை 1891-இல் வெளியிட்ட நாடக நூலிலிருந்து எடுக்கப்பட்ட இப்பாடலுக்கு எம். எஸ். விசுவநாதன் மெட்டமைத்தார். 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு இதனை மாநிலப் பாடலாக அறிவித்தது. பள்ளியில் படித்த எவருக்கும் இதன் மெட்டு மறப்பதில்லை என்பது இதன் முதல் சிறப்பு. இது மோகன ராகத்தில், மூன்று தட்டு கொண்ட திஸ்ர நடையில், 55 நொடிகளில் பாடி முடிக்கப்படுவது என்பது இரண்டாவது சிறப்பு.

மோகனம் ஐந்து சுரங்கள் மட்டும் கொண்டது: ச, ரி, க, ப, த. சட்சமத்தைச் சி என்று கொண்டால் அவை சி, டி, இ, ஜி, ஏ ஆகும். வழக்கமான சுருதி சேர்ப்பில் (கனத்த கம்பியிலிருந்து இ, ஏ, டி, ஜி, பி, இ) இவை முதல் மூன்று ஃபிரெட்டுகளுக்குள்ளேயே கிடைக்கின்றன. கம்பிகள் மெல்லியதிலிருந்து எண்ணப்படுவதால் மிக மெல்லியது முதல் கம்பி, மிகக் கனத்தது ஆறாம் கம்பி.

ச – ஐந்தாம் கம்பி, மூன்றாம் ஃபிரெட்
ரி – நான்காம் கம்பி, விரல் வைக்காமல்
க – நான்காம் கம்பி, இரண்டாம் ஃபிரெட்
ப – மூன்றாம் கம்பி, விரல் வைக்காமல்
த – மூன்றாம் கம்பி, இரண்டாம் ஃபிரெட்
மேல் ச – இரண்டாம் கம்பி, முதல் ஃபிரெட்
மேல் ரி – இரண்டாம் கம்பி, மூன்றாம் ஃபிரெட்
மேல் க – முதல் கம்பி, விரல் வைக்காமல்

இந்தச் சுரங்களை மேலும் கீழும் சில நாட்கள் வாசித்துவிட்டு, மெட்டைக் காதாலேயே தேடிக் கண்டுபிடிப்பது சிறந்த பயிற்சி. ஐந்து சுரங்களுக்குள் தேடுவதால் தேடல் நீளாது. எழுதிய குறிப்பைப் பார்த்து வாசிப்பவர் ஒரு பாடலைக் கற்கிறார். இவ்வாறு தேடி வாசிப்பவர் அடுத்தடுத்த பாடல்களைத் தாமே எடுக்கும் வழியைக் கற்கிறார்.

பிறந்தநாள் வாழ்த்துப் பாடல் இரண்டாவது பாடலாக அமையலாம். அதன் மெட்டு ஓர் எட்டுச் சுர எல்லைக்குள் அடங்கும். மூன்று தட்டு கொண்ட எட்டுச் சுற்றுகளே மொத்தப் பாடலும். முதல் சொல் தாளத்தின் முதல் தட்டுக்கு முன்பே தொடங்கிவிடுவதால், எடுப்பு எங்கே, தட்டு எங்கே என்ற வேறுபாடும் இதில் புரியும். வீட்டில் எப்படியும் ஒருவருக்குப் பிறந்தநாள் வரும் என்பதால் பிறர் முன் வாசிக்கும் முதல் வாய்ப்பும் கிடைக்கும்.

இரண்டாம் நிலை: கார்டுப் பாடல்கள்

மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட சுரங்கள் சேர்ந்து ஒலிப்பது கார்டு எனப்படும். கார்டுகள் குடும்பம் குடும்பமாக இயங்குகின்றன. தொடக்கநிலையினருக்கு ஏற்ற குடும்பம் ஜி, சி, டி, இ மைனர் என்ற நான்கு. இவை நான்கிலும் விரலால் முழுக் கழுத்தையும் அழுத்திப் பிடிக்கும் 'பார்' பிடி இல்லை. சி குடும்பத்தில் (சி, எஃப், ஜி, ஏ மைனர்) எஃப் கார்டு அந்தப் பிடியைக் கேட்கும். எனவே முதல் கார்டுப் பாடல்களை ஜி குடும்பத்தில் தேடுவது நல்லது.

மேற்சொன்ன பிறந்தநாள் பாடலையே இப்போது கார்டுகளுடன் வாசிக்கலாம். எட்டுச் சுற்றுகளுக்கும் உரிய கார்டுகள் வரிசையாக: ஜி, டி, டி, ஜி, ஜி, சி, ஜி, ஜி. ஏழாவது சுற்றின் கடைசித் தட்டில் மட்டும் டி வரும். அந்த ஓர் இடத்தைத் தவிர ஒவ்வொரு மாற்றத்துக்கும் முழுச் சுற்று நேரம் இருக்கிறது. பழைய பாடல், புதிய கார்டு என்ற முறையில் புதியது ஒன்றே என்ற விதியும் காப்பாற்றப்படுகிறது.

புதிய கார்டைச் சேர்க்கும்போது ஏற்கெனவே தெரிந்த கார்டுடன் விரல் பகிரும் கார்டைத் தெரிந்தெடுக்க வேண்டும். சி-யிலிருந்து ஏ மைனருக்கு மாறும்போது மோதிர விரல் மட்டும் ஐந்தாம் கம்பியிலிருந்து மூன்றாம் கம்பிக்கு நகர்கிறது. மற்ற இரு விரல்களும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆகவே சி–ஏ மைனர் மாற்றம் அடிக்கடி வரும் பாடல், சி–எஃப் மாற்றம் வரும் பாடலுக்கு முன்னால் வர வேண்டும்.

வலக்கைக்கும் இதே விதி. கார்டு புதியது என்றால் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கீழ்வீச்சு மட்டும் போதும். கார்டுகள் தானாக மாறத் தொடங்கிய பிறகே கீழும் மேலுமாக வீசும் நடைகளைச் சேர்க்க வேண்டும். ஆறு தட்டு நடையைத் 'தகிட தகிட' என்று வாயால் சொல்லிக்கொண்டு, ஒவ்வொரு 'த'வுக்கும் கீழ்வீச்சைச் சற்று அழுத்தமாகப் போட்டால் நடை தானே அமையும்.

பாடுபவரின் சுருதி

பதிவில் உள்ள சுருதியிலேயே வாசிக்க வேண்டும் என்று எண்ணிப் பலர் நல்ல பயிற்சிப் பாடல்களைத் தள்ளிவிடுகின்றனர். அது தேவையில்லை. கழுத்தின் குறுக்கே கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கேப்போ என்ற கவ்வியைப் பயன்படுத்தினால் ஒரே விரல் பிடியில் வெவ்வேறு சுருதிகளை வாசிக்கலாம். தமிழகத்தில் சுருதியைக் 'கட்டை' என்று சொல்வது வழக்கம்: 1 கட்டை சி, 2 டி, 3 இ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ, 7 பி. அரைக் கட்டைகள் இடைப்பட்ட சுரங்களைக் குறிக்கும். நான்கு எளிய கார்டுகளை வைத்துக்கொண்டு சுருதி மாற்றும் முறை வருமாறு.

5 கட்டை – ஜி குடும்பப் பிடிகள், கேப்போ இல்லாமல்
5½ கட்டை – ஜி குடும்பப் பிடிகள், முதல் ஃபிரெட்டில் கேப்போ
6 கட்டை – ஜி குடும்பப் பிடிகள், இரண்டாம் ஃபிரெட்டில் கேப்போ
1 கட்டை – ஜி குடும்பப் பிடிகள், ஐந்தாம் ஃபிரெட்டில் கேப்போ
1½ கட்டை – ஜி குடும்பப் பிடிகள், ஆறாம் ஃபிரெட்டில் கேப்போ

பெண் குரல்கள் பெரும்பாலும் 5 முதல் 6 கட்டையிலும், ஆண் குரல்கள் 1 முதல் 2 கட்டையிலும் வசதியாக நிற்கும். பாடிக்கொண்டே வாசிப்பவர் தம் கட்டையை முதலில் கண்டுபிடித்துவிட்டால், பாடல் தேர்வில் பாதித் தடைகள் நீங்கிவிடும். இந்தப் பட்டியல் சங்கராபரணத்தை ஒத்த மேஜர் மெட்டுகளுக்கு உரியது. நடபைரவியை ஒத்த மைனர் மெட்டுகளில் இ மைனர் அல்லது ஏ மைனரைச் சட்சமமாகக் கொள்ள வேண்டும். கேப்போ இல்லாத நிலையில் அவை முறையே 3 கட்டை, 6 கட்டை ஆகும்.

திரைப்படப் பாடல்கள்

பெரும்பாலான தமிழ்த் திரைப்படப் பாடல்கள் முன்னிசை, பல்லவி, இடையிசை, சரணம், மீண்டும் பல்லவி என்ற அமைப்பில் இருக்கும். சரணங்கள் வழக்கமாக ஒரே மெட்டில் அமையும். ஆகவே பல்லவியையும் ஒரு சரணத்தையும் கற்றால் பாடும் பகுதி ஏறக்குறைய முழுதும் கைக்கு வந்துவிடும். கடினம் பெரும்பாலும் முன்னிசையிலும் இடையிசைகளிலும் இருக்கிறது. பல இசைக்கருவிகளுக்காக எழுதப்பட்ட அப்பகுதிகளைத் தொடக்கநிலையினர் விட்டுவிடலாம். அல்லது அந்த இடத்தில் கார்டை மட்டும் தட்டிச் செல்லலாம்.

கிட்டார் ஆர்வலர்களின் கனவுப் பாடலுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு 'இளைய நிலா' (பயணங்கள் முடிவதில்லை, 1982). எஸ். பி. பாலசுப்பிரமணியம் பாடிய இப்பாடலில் கிட்டார் வாசித்தவர் ஆர். சந்திரசேகர். இதன் முன்னிசையில் கார்டின் சுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வேகமாக உதிர்கின்றன. இது தேர்ந்த கலைஞர் ஒருவரின் வாசிப்பு. இதையே முதல் பாடலாக எடுப்பவர் முதல் சில நொடிகளிலேயே பல வாரங்கள் நின்றுவிடுவார்.

அதற்காக அப்பாடலைக் கைவிட வேண்டியதில்லை. அதைப் பல பாடங்களாகப் பிரித்துக்கொள்ளலாம். முதலில் பல்லவியைப் பாடிக்கொண்டு கார்டுகளை மட்டும் தட்டுவது. அடுத்து அதே கார்டுகளில், கட்டை விரல் கனத்த கம்பியையும் மற்ற விரல்கள் மெல்லிய கம்பிகளையும் மீட்டும் பயிற்சி. பிறகு முன்னிசையின் முதல் வடிவத்தை மட்டும் பாதி வேகத்தில் வாசிப்பது. கடைசியாகவே முழு முன்னிசை. ஒவ்வொரு படிக்கும் இடையில் எளிய பாடல்கள் சில வந்து போகலாம். கனவுப் பாடல் திட்டத்தின் முடிவில் இருக்க வேண்டும். ஆனால் அதன் சிறு துண்டு ஒன்று எப்போதும் கையில் இருக்க வேண்டும்.

'என் இனிய பொன் நிலாவே' (மூடுபனி, 1980) இன்னொரு வகை. இளையராஜாவின் நூறாவது படமான இதில் கே. ஜே. யேசுதாஸ் பாடிய இப்பாடலைத் திரையில் பிரதாப் போத்தன் கிட்டாருடன் பாடுவார். இதன் மெட்டு நடபைரவியைச் சார்ந்தது என்பதால் மைனர் கார்டுகளின் ஒலியைக் காதுக்குப் பழக்க இது உதவும். பிற்காலப் பாடல்களில் 'நெஞ்சுக்குள் பெய்திடும்' (வாரணம் ஆயிரம், 2008) ஹாரிஸ் ஜெயராஜ் இசையில் கிட்டாரை முன்னிறுத்தி அமைந்தது. இத்தகைய பாடல்களில் கிட்டாரின் பங்கு பதிவிலேயே தெளிவாகக் கேட்பதால், வாசிப்பதைப் பதிவுடன் ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ள முடியும். கிட்டார் பின்னணியில் மறைந்திருக்கும் பாடலில் இந்த வசதி இல்லை.

இணையத்தில் கிடைக்கும் கார்டுத் தாள்களை அப்படியே நம்பக் கூடாது. ஒரே பாடலுக்கு இரு தளங்களில் இரு சுருதிகள் தரப்பட்டிருக்கும். சிலவற்றில் கேப்போ பற்றிய குறிப்பு விடுபட்டிருக்கும். பாடலின் கடைசிச் சொல் எந்தச் சுரத்தில் நின்று ஓய்கிறது என்பதை ஆறாம் கம்பியில் தேடிப் பார்த்தால் பெரும்பாலும் சட்சமம் தெரிந்துவிடும். தாளில் உள்ள முதன்மைக் கார்டு அதனுடன் பொருந்தவில்லை என்றால் சுருதி மாறியிருக்கிறது அல்லது தாள் தவறு.

தேவாலயப் பாடல்கள்

திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களில் கிட்டார் கற்க வாய்ப்பளிக்கும் இடங்களில் தேவாலயப் பாடற்குழுக்களும் அடங்கும். அங்கே பாடப்படும் பாடல்கள் எல்லாம் ஒரே வகையல்ல. தேர்வில் இவ்வேறுபாடு முக்கியம்.

மேற்கத்திய மெட்டில் அமைந்த ஞானப்பாட்டுகள் நான்கு குரல் இசைவுக்காக எழுதப்பட்டவை. வேகம் குறைவு என்றாலும் ஏறக்குறைய ஒவ்வொரு தட்டிலும் கார்டு மாறக்கூடும். மெதுவானது எளிது என்று எண்ணி இவற்றில் தொடங்குபவர் திணறுவார். திருநெல்வேலியில் பிறந்த வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) போன்றோர் இயற்றிய கீர்த்தனைகள் கருநாடக இசையின் மெட்டு மரபைச் சேர்ந்தவை. அவற்றுக்குக் கார்டு இயல்பாக அமைந்ததன்று. வாசிப்பவர் தேர்ந்து சேர்ப்பது. அவற்றை முதலில் ஒற்றைச் சுர மெட்டாக வாசிப்பதே நல்லது. மூன்று நான்கு கார்டுகளில் திரும்பத் திரும்ப வரும் தற்காலப் பாமாலைகளே தொடக்கநிலையினருக்கு ஏற்றவை. வாரந்தோறும் பலருடன் சேர்ந்து வாசிக்கும் வாய்ப்பு, தவறினாலும் நிற்காமல் அடுத்த தட்டில் சேர்ந்துகொள்ளும் பழக்கத்தைத் தரும். தனியறைப் பயிற்சியில் இது கிடைப்பதில்லை.

தென்காசி வட்டார மெட்டுகள்

குத்துக்கல்வலசையைச் சுற்றியுள்ள பகுதி சொந்தப் பாட்டு மரபு கொண்டது. அருகிலுள்ள மேலகரத்தைச் சேர்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் 18-ஆம் நூற்றாண்டில் பாடிய திருக்குற்றாலக் குறவஞ்சி, சிந்து, கண்ணி முதலிய இசைப்பா வடிவங்களைக் கொண்ட நாடக இலக்கியம். சங்கரன்கோவில் அருகே சென்னிகுளத்தில் பிறந்த அண்ணாமலை ரெட்டியார் (1865–1891) காவடிச் சிந்துக்குப் புகழ்பெற்றவர். ஊற்றுமலை சமீனில் ஆதரிக்கப்பட்டவர்.

காவடிச் சிந்து கிட்டார் மாணவருக்குத் தாளப் பாடமாகப் பயன்படும். காவடியின் ஆட்டத்துக்கேற்ற துள்ளல் நடை அதன் உயிர். கோயில் திருவிழாவில் அதைக் கேட்டு வளர்ந்தவருக்கு இந்த நடை உடம்பிலேயே இருக்கும். அதை வலக்கைக்குக் கொண்டுவருவதுதான் பயிற்சி. முதலில் இடக்கையால் கம்பிகளை மெல்லத் தொட்டு ஒலியை அடக்கிக்கொண்டு, வலக்கையால் தாளத்தை மட்டும் தட்ட வேண்டும். பிறகு ஒரே கார்டில் தட்டலாம். மெட்டை அதன் பிறகு எடுக்கலாம். காவடிச் சிந்துடன் நெருக்கமாக அறியப்படும் செஞ்சுருட்டி ராகம் அரிகாம்போதியின் சுரங்களைக் கொண்டது. சட்சமத்தைச் சி எனக் கொண்டால் நிசாதம் பி-யாக வராமல் அதற்கு அரைச்சுரம் கீழே, மூன்றாம் கம்பியின் மூன்றாம் ஃபிரெட்டில் வரும். மோகனத்தை அடுத்துக் கற்க இது நல்ல படி.

இவ்வகை மெட்டுகளில் சுரங்களை அசைத்துப் பாடும் கமகம் உண்டு. கிட்டாரில் விரலைக் கம்பியின் மேல் வழுக்கியும், கம்பியை இழுத்தும் அதற்கு அருகில் வரலாம். தொடக்கத்தில் அதை முயலாமல் சுரங்களை நேராக வாசித்தால் போதும்.

மூன்று பாடல் முறை

ஒரே நேரத்தில் மூன்று பாடல்களைக் கையில் வைத்திருப்பது நடைமுறைக்கு ஏற்றது.

முதலாவது, முடித்த பாடல். தடையின்றி முழுதும் வாசிக்கத் தெரிந்தது. பயிற்சியின் தொடக்கத்தில் கை சூடேறவும், யாராவது வாசிக்கச் சொன்னால் தயங்காமல் வாசிக்கவும் இது உதவும்.

இரண்டாவது, பாடமாக உள்ள பாடல். புதியது ஒன்று மட்டும் கொண்டது. பயிற்சி நேரத்தில் பெரும்பகுதி இதற்கு. அரைமணி நேரப் பயிற்சி என்றால் 20 நிமிடங்களை இதற்கு ஒதுக்கலாம். முழுப் பாடலையும் ஓட்டாமல், தடுமாறும் இரண்டு சுற்றுகளை மட்டும் எடுத்துத் திரும்ப வாசிக்க வேண்டும்.

மூன்றாவது, கனவுப் பாடல். அதன் ஒரு துண்டு மட்டும், பயிற்சியின் கடைசி ஐந்து நிமிடங்களுக்கு.

பாடப் பாடலை எப்போது முடித்ததாகக் கொள்வது என்பதிலும் தெளிவு வேண்டும். தாளைப் பார்க்காமல், நிற்காமல், மெட்ரோநோம் தட்டுடன் தொடர்ந்து மூன்று முறை வாசிக்க முடிந்தால் அது முடித்த பாடல். இரண்டு வாரம் தினமும் பயின்றும் முன்னேற்றம் இல்லையென்றால் பாடலை மாற்றுவதற்கு முன் அதை எளிமையாக்கிப் பார்க்க வேண்டும்: வேகத்தைக் குறைக்கலாம், வீச்சைக் குறைக்கலாம், கடினமான கார்டுக்கு எளிய மாற்றுப் பிடி பயன்படுத்தலாம். எஃப் கார்டுக்குப் பதிலாக நான்காம் கம்பி மூன்றாம் ஃபிரெட், மூன்றாம் கம்பி இரண்டாம் ஃபிரெட், இரண்டாம் கம்பி முதல் ஃபிரெட் ஆகியவற்றைப் பிடித்து, முதல் கம்பியை விரலின்றி ஒலிக்கவிடுவது அத்தகைய மாற்று (எஃப் மேஜர் செவன்). அப்படியும் வரவில்லை என்றால் அப்பாடலை எடுத்து வைத்துவிட்டு, அதில் தடுத்த ஒன்றை மட்டும் கொண்ட எளிய பாடலுக்குச் செல்ல வேண்டும்.

பாடல் கடினமா, கருவி கடினமா

ஒரு பாடல் வராமல் போவதற்குச் சில நேரங்களில் காரணம் கருவியே. கம்பிகள் கழுத்திலிருந்து மிக உயரத்தில் இருந்தால் எளிய கார்டும் கடினமாகும். தென்மேற்குப் பருவக் காற்று வீசும் சூன் முதல் ஆகத்து வரை குற்றாலத்திலும் சுற்று வட்டாரத்திலும் சாரல் பெய்யும். அக்காலத்தில் காற்றின் ஈரத்தால் மரம் உப்பிக் கம்பியின் உயரமும் சுருதியும் மாறலாம். எஃகுக் கம்பிகள் துருவேறி விரலை உறுத்தும். நேற்று வந்த பாடல் இன்று வரவில்லை என்றால் முதலில் ட்யூனரால் சுருதியைச் சரிபார்க்க வேண்டும். வாசித்து முடித்ததும் கம்பிகளை உலர்ந்த துணியால் துடைப்பதும், உறைக்குள் சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு வைப்பதும் நல்லது. விரல் நுனி வலி மிகுந்தவர்கள் மெல்லிய கம்பிகளையோ நைலான் கம்பிக் கிட்டாரையோ பயன்படுத்தலாம்.

பொதுவான தவறுகள்

• பாடலின் முன்னிசையை மட்டும் கற்று அடுத்த பாடலுக்குத் தாவுதல். இருபது பாடல்களின் தொடக்கம் தெரிந்தும் ஒன்றையும் முழுதாக வாசிக்க முடியாத நிலை இதனால் வரும்.
• ஒரே குடும்பக் கார்டுகளிலேயே தங்கிவிடுதல். நான்கு கார்டுகளில் ஐந்து பாடல்கள் முடிந்ததும் ஆறாவதில் புதிய கார்டு ஒன்று வர வேண்டும்.
• பாடாமலே வாசித்தல். குரல் நன்றாக இல்லாவிட்டாலும் முணுமுணுத்துக்கொண்டு வாசித்தால் கார்டு மாறும் இடம் தவறாது.
• பிறருடைய வேகத்துடன் ஒப்பிடுதல். காணொளியில் வாசிப்பவர் எத்தனை ஆண்டு பயின்றார் என்பது திரையில் தெரிவதில்லை. ஒப்பிட வேண்டியது சென்ற வாரத்தில் தம் கை ஒரு நிமிடத்தில் செய்த மாற்றங்களின் எண்ணிக்கையுடன்.
• முடித்த பாடலை மறந்துவிடுதல். வாரம் ஒருமுறையாவது பழைய பாடல்களை வாசித்து வந்தால், ஓராண்டு முடிவில் பிறர் முன் அமர்ந்து வாசிக்கப் பத்துப் பாடல்களாவது கையில் இருக்கும்.